சொல்லெல்லை கண்ட ஃபௌலர்

ஆங்கிலச் சொல்வழக்கை ஆராய்ந்தவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஹென்றி வாட்சன் ஃபௌலர். இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் நகரில் 1858ஆம் ஆண்டு பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, செட்பர் பள்ளியில் 17 ஆண்டுகள் ஆசிரியராக விளங்கினார். அங்கு மாணவர் இல்லத் தலைமை ஏற்போர், மாணவரைத் திருச்சபையின் திடப்படுத்தல் சடங்கிற்கு ஆயத்தப்படுத்துதல் வேண்டும். தாம் நம்பாத ஒன்றைப் பிறர்க்குப் புகட்ட மனம் ஒப்பாத ஃபௌலர், 1899இல் அப்பணியையே துறந்தார்.

சிலகாலம் இலண்டனில் எழுதிப் பிழைத்தவர், 1903இல் கேர்ன்சி தீவுக்குச் சென்றார். அங்குத் தக்காளி பயிரிட்டு வந்த தம்பி ஃபிரான்சிசும் அவரும் இணைந்து 1906இல் ‘கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலையும், 1911இல் ‘கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு’ அகராதியையும் ஆக்கினர். சொல்வழக்கிற்கெனத் தனி அகராதி ஒன்றிற்கும் இருவரும் திட்டமிட்டனர்.

இடையே உலகப்போர் மூண்டது. வாய்மைக்காக வாழ்வாதாரத்தையே இழந்தவர், 1915இல் தம் 57 வயதை மறைத்து 44 எனக் கூறித் தம்பியுடன் படையில் சேர்ந்தார். படைப்பணியில் பற்றிய காசநோயால் 1918இல் தம்பி மறைந்தார். இருவர் வகுத்த நூலைத் தமையன் ஒருவரே எழுதி முடிக்க நேர்ந்தது.

1926இல் வெளிவந்த அந்நூலே ‘மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்’. ஒலியாலும் உருவாலும் நெருங்கி எழுதுவோரை மயக்கும் இணைச்சொற்களை அவர் அதில் பிரித்துக் காட்டினார். ‘கன்டினியுவல்’ என்பது ஓயாது மீண்டும் மீண்டும் நிகழ்வது. ‘கன்டினியுவஸ்’ என்பது இடையறவே இல்லாதது. விட்டுவிட்டுப் பெய்யும் மழைக்கும் ஓடும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாடு இது. எனினும் அவர் விதிக்கு அடிமையல்லர். ‘டூ’ என்னும் சொல்லையும் அதனை அடுத்த வினையையும் பிரித்தலாகாது என்னும் கொள்கையைக் கண்மூடிப் போற்றியவர்களை அவர் நகையாடினார். பொருள் மயங்குவதினும் விதி மீறுவதே மேல் என்பது அவர் துணிபு. பொருட்தெளிவே அவர்தம் உரைகல்.

அந்நூலைத் தம்பியின் நினைவுக்கே உரித்தாக்கிய ஃபௌலர், 1933 டிசம்பர் 26ஆம் நாள் சாமர்செட் சிற்றூர் ஒன்றில் காலமானார். நூலோ பிறரால் திருத்தப்பெற்று, 1965இலும் 1996இலும் 2015இலும் புதுப்பதிப்புகள் கண்டது. ஒரு சொல்லின் இடத்தில் அதன் நிழலை வைக்க ஒப்பாத உள்ளம் கவிஞர்க்கும் உரியது. அவ்வகையில் ஃபௌலர் கவிஞர்க்கு உறவினரே.