கிரகம் பெல்லும் உலோகங்காணுங் கருவியும்

தொலைபேசியைப் பற்றிப் பேசப்படும் இடமெல்லாம் அலெக்சாந்தர் கிரகம் பெல் என்பார் பெயரும் உடன் பேசப்படும். அப்பெருமகனார் வெற்றி பெற்ற வரலாற்றைச் சிறுவரும் அறிவர். ஆயின், அவர் தாம் ஆக்கிய பிறிதொரு கருவியை உயிருக்குப் போராடிய ஒருவரது படுக்கையருகே கொண்டுசென்று, இருமுறை சோதித்து, இருமுறையும் பயன் காணாது மீண்ட வரலாற்றை அறிந்தோர் சிலரே. வெற்றியினும் அத்தோல்வியே நம் கல்லூரி மாணாக்கர்க்கு மிகுதியும் பயன்படும் எனக் கருதி, அதனை நடுவாக வைத்து அவர் வாழ்வை இவண் சுருங்க எழுதுகின்றேன்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் ஸ்கொத்லாந்து நாட்டு எடின்பரோ நகரிலே பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் பேச்சுப் பயிற்றும் ஆசிரியர்கள். தந்தையார் மெல்வில் பெல், ஒவ்வோர் ஒலியும் பிறக்கும்போது நாவும் இதழும் தொண்டையும் நிற்கும் நிலையைக் குறிகளால் எழுதிக் காட்டும் முறையொன்றை வகுத்தவர். எழுத்துக்கள் பிறக்குமாற்றைத் தொல்காப்பியப் பிறப்பியலிற் கற்ற தமிழ் மாணாக்கர்க்கு அம்முறையின் நோக்கம் எளிதில் விளங்கும். தாயாரோ செவிப்புலன் குன்றியவர். ஒலியை ஆராயும் தந்தையும் ஒலியை இழந்த தாயும் வாய்த்த இல்லத்திலே வளர்ந்த மைந்தர், ஒலியையே தம் வாழ்நாட் பொருளாகக் கொண்டமை வியப்பன்று.

உடன்பிறந்தார் இருவரும் சயரோகத்தால் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். எஞ்சிய ஒரு மகனையேனும் காக்க விரும்பிய பெற்றோர் 1870இற் கனடா நாட்டிற் குடியேறினர். மறு ஆண்டு பெல் பொஸ்டன் நகரிற் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பேசப் பயிற்றும் ஆசிரியரானார். பகலிற் கற்பித்தலும் இரவில் ஆராய்தலுமாகக் கழிந்த ஆண்டுகளின் பயனே தொலைபேசி. அதற்குரிய உரிமைப்பட்டயம் 1876 மார்ச்சு 7ஆம் நாள் கிடைத்தது. மூன்று நாட் கழிய, அவர் பேசிய பேச்சை அடுத்த அறையிலிருந்த உதவியாளர் கம்பிவழியே தெளிவாகக் கேட்டார். 1877இற் பெல் மணந்துகொண்ட மேபல் அம்மையாரும் இளமையிலே நோயாற் செவிப்புலன் இழந்தவர். 1880இற் பிரான்சு நாட்டரசு வோல்ற்றா பரிசாக 50,000 பிராங்கு வழங்கியது. அப்பணத்தைக்கொண்டு வாஷிங்டன் நகரில் ஆய்வுகூடம் ஒன்றை அவர் நிறுவினார்.

இந்நிலையில், 1881 யூலை 2ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் வாஷிங்டன் புகையிரத நிலையத்திலே கொலைஞன் ஒருவனாற் சுடப்பட்டார். ஒரு குண்டு கையை உராய்ந்து சென்றது. மற்றையது முதுகின் வலப்புறத்தே புகுந்து உடலினுள்ளே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டது 1895ஆம் ஆண்டிலேயே; ஆதலின் உடலுக்குள் நோக்கும் வழி அந்நாளில் இல்லை. வைத்தியர்கள் தூய்மை செய்யப்படாத விரல்களாலும் கருவிகளாலும் புண்ணைத் துழாவினர். நோய்க்கிருமிகளைப் பற்றிய கொள்கையை அவருட் பலர் அப்போது ஏற்றுக்கொள்ளவில்லை. குண்டு தங்கிய இடமும் புலப்படவில்லை, புண்ணும் சீழ்கொண்டது.

செய்தியறிந்த பெல், மின்னாலும் ஒலியாலும் அக்குண்டைக் காணலாகும் எனத் துணிந்தார். கருவுற்றிருந்த மனைவியாரைப் பிரிந்து வாஷிங்டனுக்கு விரைந்தார். கம்பிச்சுருள்கள் இரண்டை எடுத்தார். விட்டுவிட்டுப் பாயும் மின்னோட்டத்தை ஒன்றினூடே செலுத்தினார். மற்றையதைத் தொலைபேசியோடு இணைத்தார். ஒன்றன்மேலொன்று சிறிதளவே படியுமாறு அவற்றைச் சரியான நிலையில் வைத்தால், ஒன்றன் விளைவை ஒன்று அழித்துத் தொலைபேசி வாய்மூடி நிற்கும். உலோகத்துண்டு அணுகினால் அச்சமநிலை குலையும். காதில் ஒலி கேட்கும். இத்தகைய தூண்டற்சமநிலைக் கருவியை ஹியூஸ் என்னும் அறிஞர் 1879இல் ஆக்கியிருந்தார். அதனை மனிதவுடலிற் குண்டு காணத் தக்கதாக்குதலே பெல் மேற்கொண்ட பணி.

பெல்லும் அவர்தம் துணைவர் டெயின்ரரும் இரவு பகலாக உழைத்தனர். மூடிய கையினுள்ளும் இறைச்சித் துண்டினுள்ளும் குண்டுகளை மறைத்துச் சோதித்தனர். உள்நாட்டுப் போரிற் பட்ட குண்டுகளை உடலிற் சுமந்து வாழ்ந்த முதிய போர்வீரர்களை அழைத்தும் சோதித்தனர். ஈயம் மின்னை நன்கு கடத்தாத உலோகமாதலின் அதன் ஒலி மெலிந்தே கேட்கும் என்பதும், தட்டையான குண்டு விளிம்பு காட்டிக் கிடப்பின் மேலும் மெலியும் என்பதும் அவர்க்குப் புலனாயின. சுருளின் வடிவத்தையும் மின்கலங்களின் வலுவையும் மாற்றி மாற்றிக் கருவி எட்டும் ஆழத்தைப் படிப்படியாக மிகுவித்தனர்.

முதற் சோதனை யூலை 26ஆம் நாள் மாலை வெள்ளை மாளிகையில் நிகழ்ந்தது. ஆய்வுகூடத்தில் அமைதியாக இருந்த கருவி, அங்கே இடைவிடாது கரகரத்தது. குண்டின் ஒலியைப் பிரித்தறிதல் இயலவில்லை. வீடு மீண்டபின் காரணம் வெளிப்பட்டது. ஆற்றலை மிகுவிக்கும் பொருட்டு இறுதி நேரத்திற் சேர்த்த மின்னொடுக்கி ஒருபக்கம் மட்டும் தவறாக இணைக்கப்பட்டிருந்தது.

ஓகஸ்ட் 1ஆம் நாள், திருத்திய கருவியோடு இரண்டாம் சோதனை நிகழ்ந்தது. அப்பொழுது மெல்லிய ஒலியொன்று கேட்டது. எனினும், அஃது ஓரிடத்தில் நில்லாது பரந்த பரப்பெங்கும் கேட்டது. தலைமை வைத்தியர் பிளிஸ், குண்டு வலப்பக்கத்தே உண்டென முன்னரே அறிவித்தவர். தேடுதற்கும் அப்பக்கத்தையே காட்டினார். தம் கருத்தைக் கருவியும் உறுதிசெய்தது என்று அவர் கொண்டார். பெல்லின் உள்ளம் மட்டும் அமைதி பெறவில்லை. மறுநாள் மாளிகைக்குச் சென்று வினவினார். சனாதிபதி படுத்திருந்த மெத்தையின் கீழே எஃகுக் கம்பியாலான பிறிதொரு மெத்தை கிடந்தமை அப்போதே தெரியவந்தது.

இக்கம்பி மெத்தையே தோல்விக்குக் காரணம் எனப் பலர் எழுதினர். பெல் அவ்வளவில் நிற்கவில்லை. அதனைப்போன்ற வேறொரு மெத்தையை வருவித்துச் சோதித்தார். அது பெருந்துளைகளையுடைய கம்பி வலையாதலின், அதனாற் பெருங்கேடு விளைந்திராது என்னும் முடிபுக்கு வந்தார். தம் கருவிக்குச் சார்பாகக் கிடைத்த காரணத்தைத் தாமே சோதித்துத் தள்ளிய நேர்மையை ஈண்டு நோக்குக.

ஓகஸ்ட் 15ஆம் நாள் அவருக்கு ஆண்மகவொன்று குறைமாதத்திற் பிறந்து, மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் இறந்தது. செப்டெம்பர் 19ஆம் நாள் சனாதிபதியும் உயிர் நீத்தார். பிணத்தை ஆராய்ந்தபோது, குண்டு முதுகெலும்பைத் துளைத்துக் கடந்து, இடப்பக்கத்தே கணையத்தின் பின்னால் ஆழப் பதிந்து கிடந்தது. தேடிய பக்கம் வேறு. குண்டு கிடந்த பக்கம் வேறு.

பெல் தம் முயற்சியைக் கைவிடவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் நியூயோர்க் நகரிலே பழைய போர்வீரர்மீது கருவியைச் சோதித்துப் பயன் கண்டார். ஊசியொன்றைத் தொலைபேசியோடு இணைத்து, அது குண்டிற் பட்டவுடன் ஒலி கேட்கச் செய்யும் எளிய கருவியையும் ஆக்கினார். எக்ஸ் கதிர்கள் பரவும்வரை அறுவை வைத்தியர்க்கு அது துணையாயிற்று. மகவை இழந்த துயரினின்று, மூச்சுத் திணறுவோர்க்கு உதவும் காற்றுறை ஒன்றை ஆக்கும் எண்ணமும் பிறந்தது. 1882இல் அறிஞர் அவையொன்றிலே, பெற்ற பயனோடு உற்ற பிழைகளையும் மறையாது எடுத்துரைத்துக் கட்டுரை வாசித்தார்.

எஞ்சிய நாள்களையும் அவர் ஆராய்ச்சியிலும் செவிப்புலனற்றோர் கல்வியிலும் கழித்தார். கண்ணும் செவியும் இழந்த எலன் கெல்லர் என்னும் சிறுமிக்கு ஆசிரியை வாய்க்க வழிகாட்டியவரும் அவரே. சைகை மொழியைப் பள்ளிகளினின்று நீக்கவேண்டும் என்று அவர் கொண்ட கொள்கையைச் செவிப்புலனற்றோர் பலர் இன்றும் கண்டிப்பர். அதனையும் கூறாதுவிடின் வரலாறு நிறைவுபெறாது. 1922 ஓகஸ்ட் 2ஆம் நாள் கனடாவில் அவர் காலமானார். அடக்கம் நிகழ்ந்த வேளையில் வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓசையடங்கி நின்றன.

அவர் தேடிய வழியிலே பின்வந்தோர் உலோகங்காணுங் கருவியை வளர்த்தனர். 2002 தொடக்கம் நம் வடபுலத்து வயலிலும் வளவிலும் கண்ணிவெடி அகற்ற வந்தோர் கையிலும் அக்கருவியே இருந்தது. அத்தொழிலார், நிலத்திற் காலடி வைக்குமுன் தாமறிந்த உலோகத்துண்டு ஒன்றின்மீது கருவியைப் பிடித்து, அஃது ஒலிக்கின்றதா எனச் சோதித்த பின்னரே பணி தொடங்குவர். நேற்று ஒலித்தது இன்றும் ஒலிக்கும் என்று அவர் நம்பியிருப்பதில்லை. அத்தகையோர் உழைப்பினாலன்றோ நம்மவர் பலர் தத்தம் காணிக்கு மீண்டும் சென்று குடிபுகுந்தனர்!

ஆதலின் மாணவ மணிகாள், ஆய்வுகூடத்திலே நன்கு தொழிற்பட்ட கருவி, பயன்படும் இடத்திலும் அவ்வாறே தொழிற்படும் என எண்ணற்க. அங்குள்ள கட்டிலையும் மண்ணையும் கூட்டியே சோதித்தறிக. சோதனையின் முடிபை முன்னரே வகுத்துக்கொண்டு அதற்கேற்ற ஒலியை மட்டும் கேட்பவன், குண்டு இடப்பக்கத்தே கிடக்க வலப்பக்கத்தைத் தேடுவான். நீவிர் இருபக்கமும் தேடுக.