சீனாவிலிருந்து வந்த மாணவர் யுவான் சுவாங்



யுவான் சுவாங் என்றாலே நமக்குச் சீனப் பயணி, ஹர்ஷர் காலம், ஒரு மார்க் கேள்வி. அவ்வளவுதான். ஆனா அவர் முதலில் ஒரு மாணவர். அதைத்தான் எழுதப் போகிறேன்.

கி.பி. 602 வாக்கில் சீனாவில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். 13 வயதில் புத்த மடத்தில் சேர்ந்தார். நம்ம எட்டாம் வகுப்பு வயசு! படித்த நூல்கள் ஒன்றுக்கொன்று வேறு மாதிரி சொல்லின. யாரைக் கேட்டும் சந்தேகம் தீரவில்லை. இந்தியாவுக்கே போய் மூல நூல்களைப் படிக்கலாம் என்று 629 வாக்கில் கிளம்பினார். அரசர் அனுமதி கிடைக்கவில்லை. ரகசியமாகத்தான் போனார். பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கொட்டிப்போய் நான்கு நாளுக்கு மேல் தாகத்தால் தவித்தார். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

கடைசியில், இன்றைய பீகாரில் உள்ள நாளந்தாவுக்கு வந்தார். அங்கே வாசல் காப்பவரே கேள்வி கேட்பாராம். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பதில் தெரியாமல் திரும்பிவிடுவார்களாம். யுவான் சுவாங்கையோ மரியாதையோடு உள்ளே அழைத்தார்கள். வயதான சீலபத்திரர் அவருக்குக் குரு. அந்தச் சீலபத்திரரின் குரு தர்மபாலர் நம்ம காஞ்சிபுரத்தில் பிறந்தவர்! யுவான் சுவாங்கும் பிறகு காஞ்சிக்கு வந்தார்.

645-இல் 657 நூல்களோடு சீனா திரும்பினார். 664-இல் இறக்கும் வரை அவற்றை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. நாளந்தாவுக்காக அரசர் நூறு ஊர்களின் வருமானத்தை ஒதுக்கியிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் தினமும் அரிசியும் பாலும் வெண்ணெயும் கொண்டுவந்து தருவார்கள். சோறு, துணி, படுக்கை, மருந்து எதற்கும் மாணவர்கள் கவலைப்பட வேண்டாம். அதனால்தான் அங்கே படிப்பு வளர்ந்தது என்று அவர் வரலாறு சொல்கிறது. நம்ம சத்துணவைச் சிலர் கேலி பண்ணுறாங்க. யோசிச்சுப் பாருங்க, நாளந்தாவே ஊர் போட்ட சோற்றில்தான் படித்தது!

ஆனா அது பிக்குகளின் மடம். என்னை மாதிரிப் பெண்பிள்ளைகள் அங்கே சேர முடியாது. நம்ம பள்ளி வாசலில் யாரும் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. இருந்தும் பத்தாவதோடு நிறுத்திடுவாங்க என்று நம்ம வகுப்பிலேயே சில தோழிகள் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. படிக்கிறதுக்காக ஒருத்தர் சீனாவிலிருந்து வந்தார். நமக்குப் பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளி தூரமா?



ஒன்பதாம் வகுப்பு மாணவி