சோதிக்கு ஒரு சபை

சிதம்பரத்தையடுத்த மருதூரில் 1823-இல் அவதரித்த இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பாவென ஏற்க நம் நாவலர் பெருமான் மறுத்ததை நாமறிவோம். நாவலர்பால் அன்பு குன்றாமலே, அடிகள் சமைத்த சபையைப் பற்றி எழுதத் துணிகின்றோம்.

நம் வன்னிச் சிவாலயங்களிலே உட்செல்லச் செல்லப் பகலொளி குன்றும். மூலத்தானத்து இருளிலே தீபங் காட்டத்தான் மூர்த்தியைக் காண்கின்றோம். அடிகளோ தீபத்தையே மூர்த்தியாக்கினார். வடலூரிலே 1867-இல் பசித்தோர்க்குத் தருமசாலை கண்டவர், 1872 தைப்பூசத்திலே எண்கோண வடிவான சத்திய ஞான சபையைத் திறந்தார். வடிவை வகுத்தவரும் அவரே. ஏழு திரைகளும் விலகச் சோதி தோன்றும். தைப்பூச விடியலிலே கிழக்கே கதிரவன் எழ, மேற்கே முழுமதி சாய, நடுவே அச்சோதி! ஞாயிறுந் திங்களும் சபைக்கு இருபுறச் சுடர்களாகும் நாளையன்றோ தேர்ந்தார்!

1873-இல் மேட்டுக்குப்பத்திலே தம் அறை விளக்கைப் புறத்தே வைத்து வழிபடச் செய்தார். 1874 தையிலே அறையுட் புகுந்து கதவடைத்தவரைப் பின்னர் எவருங் கண்டிலர்.