நாவலரவர்களும் சைவப்பள்ளியும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822-ஆம் ஆண்டிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள், உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலுந் துணைபுரிந்தார்கள். சைவச் சிறார் கல்வியின்பொருட்டுப் பிறசமயப் பள்ளிகளை நாடுதலையும், ஆங்கே தஞ்சமயத்தை இழத்தலையும் அருகிருந்து கண்டார்கள். 1848-ல் அவ்வேலையையும் வேதனத்தையுந் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். வகுப்புமுறை பாதிரிமாரிடத்துக் கண்டதே. அதனைக் கைக்கொள்ள அவர்கள் நாணவில்லை. நம்மவருட் சிலர்க்கு இஃது இன்றுங் கசக்கும். பிள்ளைகளுக்குப் பாடநூல் வேண்டுமாகலின், அச்சியந்திரம் வாங்க 1849-ல் சென்னைக்குச் சென்றார்கள். செல்லும் வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். பாலபாடங்களும் சைவவினாவிடையும் அச்சேறின. 1864-ல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. 1872-ல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியோ, சைவச் செல்வர் பலரிருந்தும், பொருளின்மையால் நான்காண்டில் மூடப்பட்டது. 1879-ல் அவர்கள் சிவபதமெய்தியபோது வண்ணார்பண்ணைப் பள்ளி நடந்துகொண்டிருந்தது.