ஸன்ஸிபார் கரையில் பிறந்த பாடகர்

புத்தளம் நகருக்கு அணித்தாயுள்ள சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினரான ஒரு சிறு சமூகம் வாழ்ந்து வருகின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தத்தமது படைகளுக்கும் வேலைகளுக்குமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தோரின் சந்ததியினர் அவர்கள். மூதாதையரின் மொழி பெரும்பாலும் மறந்து போயிற்று. தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் றபானும் கொண்டு பாடப்படும் மஞ்ஜா பாடல்கள் மட்டும் மறக்கப்படவில்லை. உலகப் பயணி இப்னு பதூதா 1331 இல் கிழக்கு ஆபிரிக்காவின் கில்வா துறையைக் கண்டவர். 1344 இல் புத்தளத்தில் கரையிறங்கியவர். எமது கரையும் அந்தக் கரையும் ஒரே சமுத்திரத்தின் இரு ஓரங்கள் என்பதை இவ்விரு செய்திகளும் போதிய அளவு உணர்த்துகின்றன. அந்தக் கரையில் பிறந்து, உலகின் மிகப் பெரிய மேடைகளில் பாடி, 45 ஆவது வயதில் மறைந்த ஒருவரின் வாழ்வை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

பிரெடி மேர்க்கியூரி என்று உலகம் அறிந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பர்ரோக் புல்சாரா. எமது ஊர்களில் வழங்கும் பாரூக் என்ற பெயரை ஒலியால் ஒத்திருப்பினும், இது மங்கலம் பொருந்தியவன் எனப் பொருள்படும் பாரசீகப் பெயராகும். குஜராத்தின் புல்சார் என்ற ஊரைக் குடும்பப் பெயராகக் கொண்ட பார்சி குடும்பம் அது. தந்தை போமி, ஸன்ஸிபார் மேல் நீதிமன்றத்தில் காசாளராகப் பணியாற்றினார். 1946 செப்டெம்பர் 5 ஆம் திகதி அத்தீவின் கல் நகரத்தில் பர்ரோக் பிறந்தார். பாங்கொலியும் கோயில் மணியும் தேவாலய மணியும் அடுத்தடுத்துக் கேட்கும் நகரம் அது.

எட்டு வயதளவில் அவரைக் கப்பலேற்றி, பம்பாய்க்கு அப்பாலுள்ள பஞ்ச்கனி மலைநகரின் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினர். பெற்றோரை ஆண்டுக்கொரு தடவை காண்பதே அரிது. பியானோவை அங்கேதான் கற்றார். பிரெடி என்ற பெயரும் அங்குள்ள தோழர்கள் வைத்ததே. 1958 இல், பன்னிரண்டு வயதில், நான்கு தோழர்களுடன் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்ற குழுவை அமைத்தார். துணைக்கண்டத்து இளைஞர்களுக்கு மேலைத்தேயப் பாடல்களைக் கொண்டு சேர்ப்பதில் அக்காலத்தில் முன்னின்றது எமது இலங்கை வானொலி என்பதை இவ்விடத்தில் சற்றே பெருமையுடன் குறிப்பிடுவதில் தவறில்லை.

1963 இல் ஸன்ஸிபாருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 10 இல் தீவு சுதந்திரமடைந்தது. ஒரு மாதம் கழிந்து, 1964 ஜனவரி 12 இல் புரட்சி வெடித்தது. சுல்தான் கடல்வழியே தப்பினார். அறபிகளும் இந்திய வம்சாவளியினரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். புல்சாரா குடும்பம் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடியது. பர்ரோக்கிற்கு அப்போது பதினேழு வயது.

இந்த இடத்தை எமது வாசகர்கள் கடந்து செல்வது எளிதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பல்லாயிரவர் வந்து தங்கியது இந்தப் புத்தளம், கற்பிட்டிக் கரையில்தான். மன்னார்ப் பகுதியிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கிய பிள்ளைகள் இன்று நடுத்தர வயதினர். போரினால் ஊரிழந்த தமிழ்க் குடும்பங்களின் கதையும் வேறன்று. இவர்களுட் பலர் பிறந்த ஊரைப் பற்றி ஓயாது பேசுவர். சிலர் ஒருபோதும் பேசுவதில்லை. பர்ரோக் இரண்டாம் வகையினர். செவ்விகளில் ஸன்ஸிபாரைப் பற்றி அரிதாகவே பேசினார். அங்கு மீண்டும் செல்லவுமில்லை.

லண்டன் விமான நிலையத்துக்கு அண்மையிலுள்ள பெல்தம் புறநகரில் குடும்பம் குடியேறியது. விமான நிலையத்தில் பொதி சுமந்தவாறே படித்து, 1969 இல் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலைத் தகைமை பெற்றார். கென்சிங்டன் சந்தையில் ரோஜர் டெய்லருடன் சேர்ந்து பழைய உடுபிடவைகள் விற்றார். 1970 இல் டெய்லரும் பிரையன் மேயும் நடத்திவந்த குழுவின் பாடகர் விலகவே, அவ்விடத்துக்கு வந்தவர் குழுவுக்குக் குயின் என்று பெயரிட்டார். இலச்சினையையும் தாமே வரைந்தார். தமது பெயரின் பின்பாதியை மேர்க்கியூரி என மாற்றிக்கொண்டதும் அக்காலத்திலேயே. மறு ஆண்டு ஜோன் டீக்கன் இணைந்ததும் நால்வர் குழு நிறைவுற்றது.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1973 இல் வெளியான முதல் இசைத்தட்டை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1974 இல் வேறொரு குழுவுக்குத் துணையாக அமெரிக்கா சென்றபோது, பிரையன் மே ஈரல் அழற்சியால் வீழ்ந்து, பயணம் இடைநடுவே கைவிடப்பட்டது. பாடல்கள் விற்பனைப் பட்டியலில் ஏறிய பின்னரும் உறுப்பினரின் கைக்கு வந்தது சொற்பச் சம்பளமே. முகாமையாளர்களுடனான ஒப்பந்தத்திலிருந்து 1975 இல் விடுபட்டபோது குழு கடனில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானில் இறங்கிய அவர்களை விமான நிலையத்தில் பெருங்கூட்டம் சூழ்ந்துகொண்டது. வேற்று மொழி பேசும் ஒரு தேசம், அவர்களது சொந்த நாட்டை விடக் கூடுதலாகக் கொண்டாடியது.

அதே ஆண்டின் இறுதியில் பொஹீமியன் ரப்சடி வெளியாயிற்று. ஏறக்குறைய ஆறு நிமிடங்கள் நீளும் இப்பாடலை வானொலிகள் ஒலிபரப்பா என்று நிறுவனத்தார் தயங்கினர். குழுவினர் ஒரு வரியையும் வெட்ட இணங்கவில்லை. பிரித்தானியாவில் ஒன்பது வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. பர்ரோக் இயற்றிய அப்பாடலின் நடுவே, நாம் ஒவ்வொரு கருமத்தையும் தொடங்கும்போது மொழியும் இறைநாமச் சொல் ஒலிக்கின்றது. 1978 இல் முஸ்தபா என்றே ஒரு பாடலை இயற்றி, அறபுச் சாயலில் இசைத்தார். இது கல் நகரத்தின் பாங்கொலியிலிருந்து வந்ததென அறுதியிட்டுக் கூற எம்மால் இயலாது. ஆயினும், பிறந்த மண்ணைப் பற்றி வாய்திறவாத ஒருவரின் பாடலில் அச்சொல் வந்து அமர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் எமக்கு மனமில்லை.

1980 இல் அமெரிக்காவில் அவர்களது இரு பாடல்கள் முதலிடம் பெற்றன. 1981 மார்ச்சில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் ஒரே இரவில் சுமார் 130,000 பேர் திரண்டனர். ஆயின், 1982 இன் பின்னர் பர்ரோக்குடன் குயின் அமெரிக்காவில் மேடையேறவே இல்லை. 1984 இல் நால்வரும் பெண்வேடமிட்ட ஒளிப்படப் பாடல் அங்கு வெறுப்பைத் தேடித் தந்தது. பிரித்தானியாவில் அதை நகைச்சுவையாகவே கொண்டனர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் இழைத்த தவறு கடுமையானது. நிறவெறி ஆட்சியைக் கண்டித்து ஐக்கிய நாடுகள் சபை விதித்திருந்த கலாசாரப் பகிஷ்கரிப்பை மீறி, தென்னாபிரிக்காவின் சன் சிற்றியில் அவர்கள் பாடினர். இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது; ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறியது. ஆபிரிக்க மண்ணில் பிறந்து, தோலின் நிறம் பற்றிய ஏளனத்தை இங்கிலாந்தில் தானும் அறிந்திருக்கக்கூடிய ஒருவர் அந்த மேடையில் ஏறியதை எம்மால் நியாயப்படுத்த முடியாது. அவரைப் போற்றுவோர் இந்த அத்தியாயத்தை விரைந்து புரட்டிவிடுவதையும் நாம் ஏற்பதற்கில்லை.

மறு ஆண்டு ஜூலை 13 இல், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக வெம்பிளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் சுமார் இருபது நிமிடங்களே அவர்களுக்குக் கிடைத்தன. 72,000 பேரின் கைகள் ஒரே தாளத்தில் உயர்ந்தன. ஒடுங்கிப்போகும் என்று கருதப்பட்ட குழு அன்று மாலை மீண்டெழுந்தது. 1986 ஓகஸ்ட் 9 இல் நெப்வேர்த்தில் பாடியதே பர்ரோக்குடன் அவர்களது இறுதி மேடை.

1987 இல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. உடல் மெலிந்துகொண்டிருந்தபோதும் ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. தமக்கு எயிட்ஸ் நோய் என்று 1991 நவம்பர் 23 இல் அறிவித்தார். மறுநாள் மாலை உயிர் பிரிந்தது. அந்நோயின் பெயரை உச்சரிக்கவே அஞ்சிய காலம் அது. எமது ஊர்களில் அந்த அச்சம் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. அவரது தனிவாழ்வு எமது சமய நெறிகளுக்கு ஒவ்வாதது என்போர் உளர். 2006 இல் அவரது 60 ஆவது பிறந்த தினக் கொண்டாட்டத்துக்கு ஸன்ஸிபாரிலேயே ஒரு முஸ்லிம் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. மரித்தோரின் கணக்கு படைத்தவனிடம் உள்ளது என்ற நம்பிக்கையில் நாம் அந்த வழக்கினுள் நுழையவில்லை. ஆனால் நோயாளியை ஒதுக்கிவைக்க எந்த நெறியிலும் இடமில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஈரானில் 2004 இல் குயின் பாடல் தொகுப்பொன்று அரச அனுமதியுடன் விற்பனைக்கு வந்தது என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

அவரது பெயரால் நண்பர்கள் தொடங்கிய நிதியம் எயிட்ஸ் ஒழிப்புக்காகப் பல நாடுகளில் உதவி வருகின்றது. கல் நகரத்தில் 2019 இல் அவருக்கொரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெல்தம் வீட்டின் சுவரில் 2016 இல் நினைவுப் பலகை பதித்தனர். அவரது குடும்பப் பெயரான புல்சாராவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

1991 நவம்பர் 27 இல் லண்டனில் நடந்த இறுதிக் கிரியையை சொராஸ்திரிய மதகுருமார் நடத்தினர். பெற்றோரின் சமயத்தின் பழைய மொழியிலேயே பிரார்த்தனைகள் ஓதப்பட்டன. தாயும் தந்தையும் தங்கையும் அருகிலிருந்தனர். அஸ்தி எங்கு சேர்க்கப்பட்டது என்பது வெளியிடப்படவில்லை.