குங்கிலியக் கலயர் கண்ட செல்வம்

சோழவள நாட்டுத் திருக்கடவூர், அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. மார்க்கண்டேயர் பொருட்டுக் கூற்றுவனை உதைத்தருளிய பெருமான் எழுந்தருளிய பதி. அங்கு அந்தணர் குலத்துதித்த கலயர், திருமுன் நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுதலைத் தமக்குரிய திருத்தொண்டாகக் கொண்டார். அதனால் குங்கிலியக் கலயர் எனப் பெற்றார். கி.பி. 7-ஆம் நூற்றாண்டினராகிய இவர் சரிதையைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டிலே பெரிய புராணத்துள் விரித்தோதினார்.

நாளடைவில் நாயனாரை வறுமை வந்துற்றது. நன்னிலங்களை விற்றார், ஏனைய உடைமைகளையும் விற்றார், தூபத் தொண்டை மட்டும் விட்டாரல்லர். இரண்டு நாள் மக்களும் சுற்றத்தாரும் உணவின்றி வாடினர். அந்நிலை கண்ட மனைவியார், தம் மங்கலத் தாலியைக் கழற்றித் தந்து, நெல் கொண்டு வருமாறு வேண்டினார். தாலியுடன் சென்ற நாயனார், வழியிலே குங்கிலியப் பொதியொடு வந்த வணிகனைக் கண்டார். பொன்னைக் கொடுத்துப் பொதியைப் பெற்றார். திருக்கோயிலை அடைந்து, தூபமிட்டு, தம்மை மறந்து வழிபட்டிருந்தார்.

அப்பொன் ஆடம்பரத்திற்குரிய பொருளன்று. மனைவியாரிடம் எஞ்சியிருந்த ஒரே அணி. பசித்த மக்களுக்கு ஒருவேளைச் சோறு. ஆதலின் நாயனார் செய்தது எளிய செயலன்று. மிகுந்ததைக் கொடுப்பது யார்க்கும் இயலும். இருப்பது ஒன்றேயாகும்போதுதான் அன்பின் அளவு புலனாகும்.

அன்றிரவு இறைவன் அருள் செய்த முறையும் சிந்திக்கத் தக்கது. பொற்குவையும் நெற்குவையும் மனையில் நிறையச் செய்து, அதனை முதலில் மனைவியார்க்கே கனவில் உணர்த்தினான். தாலி ஈந்த கைக்கே செல்வம் முன்சென்றது. அதன் பின்னரே கோயிலிலிருந்த நாயனாரை, மனை சென்று பாலடிசில் உண்ணுமாறு பணித்தான். வந்த செல்வத்தை நாயனார் பூட்டி வைத்தாரல்லர். சிவனடியார்க்கு அமுதூட்டுதற்கே பயன்படுத்தினார்.

பின்னர்த் திருப்பனந்தாளில், தாடகையின் பூசைக்காகச் சாய்ந்த சிவலிங்கத் திருமேனியை நிமிர்த்தச் சோழ மன்னன் முயன்றான். சேனையும் யானையும் இழுத்தும் அது நேர்நிலை எய்தவில்லை. அச்செய்தி கேட்டுச் சென்ற நாயனார், திருமேனியிற் பிணித்த கயிற்றைத் தம் கழுத்திற் பூட்டி இழுத்தார், பெருமான் நிமிர்ந்தருளினான். அரசனது படைவலிக்கு நேராத திருமேனி, அன்பர் ஒருவரது இளைப்பைப் பொறாது நேர்ந்தது. திருக்கடவூர் மீண்டு, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் எழுந்தருளியபோது எதிர்கொண்டு, இனிய அமுதூட்டும் பேறும் நாயனார்க்கு வாய்த்தது.

செல்வம் தீதென நாயனார் வெறுத்தாரல்லர். அதனைத் தொண்டின்மேல் வைத்தாருமல்லர். திருக்கோயிற் பணிக்குப் பொருளீந்த மெய்யன்பர்கள், ஆவணி மூலத் திருநாளில் இந்நாயனாரை நினைந்து, ஒருபிடி குங்கிலியமேனும் இட்டு வழிபட்டு உய்வார்களாக.