ஒரு குமாஸ்தாவின் பேனாக் கோடு

போன வருஷம் நம் சங்கக் கூட்டம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, மெஸ் வாசலில் நின்று எல்லோரும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். அப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி என்னிடம் வந்தாள். மேடைக்குப் பக்கத்தில் நம் கல்லூரி முகப்பை மைப்பேனாவால் வரைந்து, மேலே வாட்டர் கலர் பூசி வைத்திருந்தார்களே, அந்தப் படத்தைப் போட்டவள் அவள்தான். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன். பாராட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பார்த்தால் ஒரு கேள்வி கேட்டாள். இரண்டு வரி டைப் அடித்தால் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிற காலத்தில், நாலு நாள் ராத்திரி கண் முழித்துக் கையால் வரைவதில் என்ன பிரயோஜனம் அண்ணா என்றாள்.

பொழுதுபோக்குதானே, மனசுக்கு நல்லது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மலர்க் குழுவினர் இந்த வருஷம் என்னிடம் கட்டுரை கேட்டதும், அந்தப் பதிலைத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். பதிலுக்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அவர் பெயர் ஆர்தர் ராக்கம். இங்கிலாந்துக்காரர். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்து உலகப் புகழ் பெற்றவர்.

அவரை நான் தெரிந்துகொண்ட கதை கொஞ்சம் அசட்டுத்தனமானது. இரண்டாம் ஆண்டில் ஹாஸ்டல் டேக்கு நானும் ஒரு படம் போட்டேன். எங்கள் பிளாக் வாசல் வேப்பமரம். அப்பா கொடுத்த மைப்பேனாவில், கறுப்பாகக் கோடு விழட்டும் என்று இந்தியன் இங்க்கை ஊற்றினேன். இரண்டு நாளில் பேனா அடைத்துக்கொண்டது. சாதாரண மை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். இந்தியன் இங்க் என்பது கரித்தூளும் அரக்கும் சேர்ந்தது. நிப்புக்கு அடியில் மை இறங்குகிற மெல்லிய வாய்க்காலில் அந்த அரக்கு காய்ந்தால் பேனா கதை முடிந்தது. சரி என்று வேறு பேனாவில் சாதாரண நீல மையைப் போட்டு மரத்தை வரைந்து, இலைக்குப் பச்சை பூசினேன். பிரஷ்ஷின் ஈரம் பட்டதும் கோடெல்லாம் கரைந்து, வேப்பமரம் நீலக் குட்டையாக ஆகிவிட்டது. பேனாவும் போச்சு, படமும் போச்சு.

அந்த நீலக் குட்டையை நூலகர் ஸாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்காமல் உள்ளே போய் ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார். முறுக்கிய வேர்கள், முகம் இருக்கிற மரங்கள், கிளைக்கு அடியில் குட்டிக் குட்டித் தேவதைகள். மேலே பழுப்பு, சாம்பல், வெளிர் நீலம் என்று பனிபோல வண்ணம். அத்தனை வண்ணத்துக்கு அடியிலும் பேனாக் கோடு ஒரு மயிரிழை கூடக் கலையாமல் நின்றது. அதுதான் ராக்கம்.

1867 செப்டம்பர் 19 அன்று லண்டனில் பிறந்தவர். பெற்றோருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். சின்ன வயதில் படுக்கைக்குக் காகிதமும் பென்சிலும் ஒளித்துக்கொண்டு போவாராம். காகிதத்தைப் பிடுங்கிவிட்டால் தலையணை உறையிலேயே வரைவாராம். உடம்பு அவ்வளவு திடமில்லை. கடல் காற்று நல்லது என்று 1884-இல் அவரைக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் வாட்டர் கலரில் வரைந்துகொண்டே போனார். ஓவியராகத்தான் ஆவது என்ற தீர்மானத்தோடு திரும்பி வந்தார்.

ஆனால் பெரிய குடும்பம். ஓவியத்தை நம்பி வீட்டில் உட்கார முடியாது. 1885-இல், பதினெட்டாவது வயதில், வெஸ்ட்மின்ஸ்டர் ஃபயர் ஆபீஸில் ஜூனியர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பெயரைப் பார்த்துத் தீயணைப்பு நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். அது தீ விபத்துக்குக் காப்பீடு செய்கிற கம்பெனி. பகலெல்லாம் அங்கே பேரேடு. சாயங்காலம் லாம்பெத் ஓவியப் பள்ளியில் வகுப்பு. இப்படி ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, ஏழு வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலை நமக்குப் பிடித்த வேலையாக இல்லையே என்று முதல் ஆறு மாதத்திலேயே மனம் உடைந்துபோகிற நம்ம பையன்களை நினைத்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1892-இல் ஆபீஸை விட்டு ஒரு வாரப் பத்திரிகையில் செய்திப் படங்கள் வரைகிற வேலைக்குப் போனார். கூட்டமா, விழாவா, பிரமுகர் வருகையா, நேரில் போய் அவசர அவசரமாக வரைந்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தயங்காமல் ஒரே இழுப்பில் கோடு போடுகிற கை அவருக்கு அங்கேதான் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து புத்தகங்களுக்கும் வரையத் தொடங்கினார்.

இங்கேதான் நம் தங்கையின் கேள்வி வருகிறது. ராக்கம் பத்திரிகைக்குப் போன அதே காலத்தில்தான் புகைப்படத்தை நேரடியாக அச்சுத் தகடாக்கும் வித்தை பரவிக்கொண்டிருந்தது. ஓவியர் ஒரு மணி நேரம் வரைகிற காட்சியை கேமரா ஒரு நொடியில் பிடித்துவிடும். பத்திரிகை முதலாளிக்கு எது லாபம் என்று சொல்லவேண்டியதில்லை. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியபோது, பத்திரிகைகளில் அவரைப்போன்ற ஓவியர்களுக்கு வேலை வறண்டுபோனது. தன் வாழ்க்கையில் மிக மோசமான காலம் என்று அந்த வருஷங்களைத்தான் அவர் பின்னாளில் குறிப்பிட்டார். இயந்திரம் வந்து பிழைப்பைப் பிடுங்கிக்கொள்கிற பயம் நம் தலைமுறைக்கு மட்டும் வந்ததில்லை.

அவர் என்ன செய்தார்? கேமராவைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1900-இல் கிரிம் சகோதரர்களின் கதைகளுக்கு ஏறக்குறைய நூறு படங்கள் வரைந்தார். பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்தது. 1903-இல் எடித் ஸ்டார்க்கி என்ற அயர்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் ஓவியர், அதிலும் கைதேர்ந்த ஓவியர். கற்பனைப் படங்கள்தான் உங்கள் பாதை, துணிந்து போங்கள் என்று கணவரைத் தள்ளிவிட்டவர் அவர்தான்.

அந்தச் சமயத்தில் மூவண்ண அச்சு முறை கைக்கு எட்டியது. நாமெல்லாம் இன்ஜினீயர்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அசல் ஓவியத்தை மூன்று வண்ணக் கண்ணாடிகள் வழியாக மூன்று முறை படம் எடுப்பார்கள். அதிலிருந்து மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று புள்ளி புள்ளியாக மூன்று தகடுகள். வழவழப்பான தாளில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் எல்லா வண்ணமும் கிடைத்துவிடும். முன்பெல்லாம் ஓவியர் வரைந்ததை இன்னொருவர் மரக்கட்டையில் செதுக்குவார். கோடு செதுக்குகிறவரின் கோடாகிவிடும். இப்போது அந்த இடைத்தரகர் இல்லை. ஓவியரின் கோடு அப்படியே தாளுக்கு வரும். பிழைப்பைப் பிடுங்கிய அதே கேமராதான் இதைக் கொண்டுவந்து கொடுத்தது!

ஆனால் அந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. மூன்று தகடுகளும் துல்லியமாகப் பொருந்தவேண்டும். ஒன்று இம்மி நகர்ந்தாலும் விளிம்புகள் மங்கி, படம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆகிவிடும். ராக்கம் தன் வரையும் முறையையே இந்தப் பலவீனத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார். முதலில் மெல்லிய பென்சிலில் உருவங்கள். அதன்மேல், நான் பேனாவில் ஊற்றிப் பாழாக்கினேனே, அதே இந்தியன் இங்க். ஆனால் அவர் அதைத் தொட்டுத் தொட்டு எழுதுகிற கட்டைப்பேனாவால் வரைந்தார். அரக்கு காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. பிறகு பென்சிலை அழித்துவிட்டு, நீர்த்த வாட்டர் கலர் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் இன்னொரு பூச்சு. கண்ணாடிமேல் கண்ணாடி வைத்ததுபோல, அடி வண்ணம் மேல் வண்ணத்துக்குள் தெரியும். கடைசியில், மங்கின இடங்களில் மறுபடி பேனாவை எடுத்துக் கோட்டை உறுதி செய்வார். அச்சில் வண்ணம் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தக் கோடு உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். இதை டிசைன் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

1905-இல் 'ரிப் வான் விங்கிள்' வந்தது. 51 வண்ணப் படங்கள். அசல் ஓவியங்களை லண்டனில் கண்காட்சியாக வைத்தார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு 37 வயது. குமாஸ்தா வேலையில் சேர்ந்து சரியாக இருபது வருஷம். மறு வருஷமே, ஜே.எம். பாரியின் 'கென்சிங்டன் கார்டன்ஸில் பீட்டர் பான்'. வண்ணப் படங்களைத் தனியாக அச்சடித்து, கெட்டித் தாளில் ஒட்டி, பட்டுப்போன்ற மெல்லிய தாளால் மூடி வைத்த புத்தகங்கள் அவை. கிறிஸ்துமஸ் பரிசாக வாங்குவது நாகரிகமாகிப்போனது.

எல்லாம் வெற்றி என்றில்லை. 1907-இல் 'ஆலிஸின் அற்புத உலகம்' புத்தகத்துக்கு வரைந்தபோது, டெனியல் வரைந்த பழைய ஆலிஸுக்கு ஈடாகுமா என்று விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். ஆலிஸின் இரண்டாம் புத்தகத்தை அவர் தொடவே இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் கென்னத் கிரகாம் என்ற எழுத்தாளரின் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' புத்தகத்துக்குப் படம் கேட்டு வந்தார்கள். ஆற்றங்கரையில் வாழ்கிற எலி, அகழெலி, தேரை இவற்றின் கதை. கையில் ஷேக்ஸ்பியர் வேலை இருந்ததால் முடியாது என்றுவிட்டார். அந்தப் புத்தகம் பெரும் புகழ் பெற்றது. விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குப் பல வருஷம் இருந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த மாதிரி ஆடம்பரப் புத்தகங்களுக்குச் சந்தை இளைத்துவிட்டது. எடித்துக்கு இதய நோய். ராக்கம் வரைவதை நிறுத்தவில்லை. 1936-இல் ஜார்ஜ் மேசி என்ற நியூயார்க் பதிப்பாளர் தேடி வந்தார். பேச்சுவாக்கில் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' வரையலாமா என்று கேட்டார். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வயது மனிதருக்கு உணர்ச்சியில் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. கைவிட்டுப்போனது முப்பது வருஷம் கழித்துத் தானாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் வேலை முழு வீச்சில் தொடங்குவதற்குள் புற்றுநோய் வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொரு படமாக வரைந்தார். கடைசிப் படம், எலியும் அகழெலியும் உல்லாசப் பயணத்துக்குப் படகில் சாமான் ஏற்றுகிற காட்சி. ரொம்பச் சிரமப்பட்டு முடித்தார். முடித்த பிறகுதான் படகில் துடுப்பு இல்லை என்பது தெரிந்தது. மகள் பார்பரா, பரவாயில்லை, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத் துடுப்பை வரைந்துவிட்டுத்தான் படுத்தார். அதற்கப்புறம் அவர் படம் வரையவில்லை. 1939 செப்டம்பர் 6 அன்று சர்ரே பகுதியில் லிம்ப்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில், தன் வீட்டில் காலமானார். இங்கிலாந்து இரண்டாம் உலகப் போரில் இறங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் புத்தகம் 1940-இல் வெளிவந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்தபின் எட்டு வருஷம் நான் பேனாவால் ஒரு கோடு போடவில்லை. டிராயிங் எல்லாம் கம்ப்யூட்டரில்தானே, கை எதற்கு என்று நினைத்தேன். ஒருநாள் சைட்டில் ஒரு மேஸ்திரிக்குக் கம்பி வளைக்கிற விதம் புரியவில்லை. பிரிண்ட் அவுட்டை எவ்வளவு காட்டியும் பிரயோஜனமில்லை. சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் பேனாவால் வரைந்து காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. எனக்கும் ஒன்று புரிந்தது. பிரிண்டில் ஒரு கொக்கி விடுபட்டிருந்தது. பத்துத் தடவை பார்த்தும் கண்ணில் படாதது, கையால் வரையும்போதுதான் பட்டது.

தங்கையே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். கம்ப்யூட்டர் படம் போடட்டும். ராக்கம் காலத்தில் கேமரா போட்டது. நாளைக்கு இன்னொன்று வந்து போடும். ஆனால் துடுப்பு இல்லை என்று பார்க்கிற கண்ணும், இல்லாவிட்டால் தூக்கம் வராத மனசும் உட்கார்ந்து வரைந்தவனுக்குத்தான் வரும். நீ கண் முழித்த நாலு ராத்திரியும் அதற்குத்தான் போயிருக்கிறது. வீண் இல்லை.

இன்னொரு விஷயம். இப்போது மைப்பேனாவில் போடக்கூடிய, காய்ந்தால் தண்ணீரில் கரையாத மை கடையில் கிடைக்கிறது. வாங்கினால் பேனாவைத் தினமும் கொஞ்சம் எழுதிக்கொண்டிரு, வாரம் ஒருமுறை கழுவு. கெட்டியான தாளில் வரை. கோட்டை ஒரு ராத்திரி காயவிடு. முதல் பூச்சு ரொம்ப நீர்த்ததாக இருக்கட்டும். அது காயாமல் அடுத்ததைத் தொடாதே. நான் கெடுத்த வேப்பமரம் இன்னும் அந்த பிளாக் வாசலில் நிற்கிறது. இந்த வருஷக் கூட்டத்துக்குக் காலையிலேயே வந்துவிடுகிறேன். நீயும் பேனாவோடு வா. இரண்டு பேருமாக வரைவோம்.